எச்.ஆர்.டி. (மாதவிடாய் நின்னப்புறம் கொடுக்கிற ஹார்மோன் சிகிச்சை) எடுத்துக்கலாமா? கேன்சர் பயம் எவ்வளவு உண்மை?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 48 வயசு, மதுரைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில கணக்கு டீச்சர். பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. போர்டுல எழுதிக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சுக்குள்ள இருந்து கழுத்து, காது, முகம்னு குப்புனு சூடு ஏறும். கொஞ்ச நேரத்துல ஜாக்கெட் முதுகு முழுக்க நனைஞ்சிரும், அப்புறம் குளிர ஆரம்பிக்கும். பத்தாங்கிளாஸ் பசங்க முன்னாடி முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டே பாடம் நடத்துறேன். ராத்திரி தூக்கம் கிடையாது. ரெண்டு மணிக்கு முழிச்சா விடியிற வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிருப்பேன். தெரிஞ்ச சூத்திரம்கூட சமயத்துல வாயில வர மாட்டேங்குது.

டாக்டரம்மா மேமோகிராம், வயித்து ஸ்கேன், பிரஷர், சுகர், கொழுப்பு, தைராய்டு எல்லாம் பார்த்துட்டு, தோள்ல தடவ ஒரு எஸ்ட்ராடையால் ஜெல்லும், ராத்திரி போட ஒரு புரோஜெஸ்டிரோன் காப்ஸ்யூலும் எழுதிக் கொடுத்தாங்க. ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தான். ஆனா என் நாத்தனார் சீட்டைப் பார்த்த உடனே, "ஹார்மோனா? கேன்சர் வந்துரும் மதினி, தொடாதீங்க"ன்னு சொல்லிட்டாங்க. நெட்டுல தேடினா அங்கயும் அதேதான் வருது. சீட்டு கைப்பையிலயே கிடக்கு. போட்டுப் பார்த்தவங்க, விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொங்குப்பொண்ணு:
வணக்கமுங்க. நானும் இதையெல்லாம் தாண்டி வந்தவதானுங்க, இப்ப 55. ஒரு மாத்திரையும் போடல. கறுப்பு உளுந்துல நல்லெண்ணெய், கருப்பட்டி போட்டுக் களி கிண்டித் தின்னேன். காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி காட்டைச் சுத்தி நடப்பேன். காபியை விட்டேன். எங்கம்மா, அமுச்சி எல்லாம் இதைத் தாண்டித்தானே வந்தாங்க? ரெண்டு வருசத்துல அதுவா அடங்கிருமுங்க. இயற்கையா நிக்கறதுக்கு எதுக்குங்க மருந்து? உங்க நாத்தனார் சொல்றது எனக்கு நியாயமாத்தான் படுது.

திருச்சி மருந்தாளுநர்:
மருந்துக்கடையில இருபது வருஷத்துக்கு மேல நிக்கிறவள்ங்கிற முறையில ஒண்ணு சொல்றேன். "ஹார்மோன் மாத்திரை"ன்னு எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டுறதுலதான் பாதிக் குழப்பம். கோயில் திருவிழா, கிரகப்பிரவேசம்னு தேதி தள்ளிப்போட வாங்குறது நார்எதிஸ்டிரோன்னு வேற மருந்து. குழந்தை வேண்டாம்னு போடுற மாத்திரையில இருக்கிற ஈஸ்ட்ரோஜனோட வீரியம் வேற. மெனோபாஸுக்குக் கொடுக்கிறது உடம்புல ஏற்கெனவே சுரந்துக்கிட்டு இருந்த எஸ்ட்ராடையால்ங்கிற ஈஸ்ட்ரோஜன், அதுவும் குறைஞ்ச அளவுல.

உங்க சீட்டுல இருக்கிற புரோஜெஸ்டிரோன் காப்ஸ்யூலை கடையில வாங்குறப்ப, "இது மாசமா இருக்கிறவங்களுக்குக் கொடுக்கிறதாச்சே"ன்னு யாராவது சொல்லலாம். அதுவும் இதேதான், பயப்படாதீங்க. ராத்திரி படுக்கப் போறப்ப போடணும், ஏன்னா தூக்கம் வரவைக்கும். பகல்ல போட்டா வகுப்புல சொக்கும். சில கம்பெனி காப்ஸ்யூல்ல வேர்க்கடலை எண்ணெய் சேர்ப்பாங்க. கடலை ஒத்துக்காதவங்களா இருந்தா கடைக்காரர்கிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க.

ஜெல்லை மார்புல தடவக்கூடாது. மேல்கை வெளிப்பக்கம், இல்லைன்னா தொடை. காயிற வரைக்கும் சேலை, துணி படாம இருக்கட்டும். தடவின கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு அப்புறம் குழந்தையைத் தூக்குங்க. இதைச் சீட்டுல யாரும் எழுதுறதில்லை.

நெல்லை மகப்பேறு மருத்துவர்:
அரசு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவள். வைகைக்கரை, உங்கள் நாத்தனார் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். அந்தப் பயத்துக்கு ஒரு பிறந்த தேதி இருக்கிறது. 2002 ஜூலை. அன்று என்ன நடந்தது என்பது முழுசாகத் தெரிந்தால்தான் உங்களால் முடிவெடுக்க முடியும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1990களில் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்று ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஹார்மோன், இன்னொன்றுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. ஹார்மோன் கொடுத்தால் மாரடைப்பு குறையுமா என்பதுதான் அவர்களுடைய முக்கியக் கேள்வி. உடம்பு கொதிக்கிறது, தூக்கமில்லை என்று தவித்தவர்களுக்கு நிவாரணம் கிடைக்கிறதா என்று பார்ப்பது அதன் நோக்கமே இல்லை. அதனால் சேர்க்கப்பட்டவர்கள் 50 முதல் 79 வயது வரை. சராசரி வயது 63. மூன்றில் இரண்டு பங்குப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், மாதவிடாய் நின்று பல வருடம் ஆனவர்கள். கொடுத்த மருந்து, சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன், கூடவே மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கைப் புரோஜெஸ்டிரோன். இரண்டும் வாய்வழி மாத்திரை.

சராசரியாக ஐந்து வருடம் தாண்டியதும் ஆய்வை நடுவில் நிறுத்தினார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் எடுத்தவர்களில் 38 பேருக்கு. அதாவது பத்தாயிரத்துக்கு எட்டுப் பேர் கூடுதல். பக்கவாதமும் எட்டுக் கூடுதல், நுரையீரலில் ரத்தக்கட்டி எட்டுக் கூடுதல், மாரடைப்பு ஏழு கூடுதல். இடுப்பெலும்பு முறிவு ஐந்து குறைவு, பெருங்குடல் புற்றுநோய் ஆறு குறைவு. செய்தித்தாள்களில் வந்ததோ "மார்பகப் புற்றுநோய் 26 சதவிகிதம் அதிகம்" என்று. கணக்கு டீச்சர் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, 30 என்பது 38 ஆனாலும் அந்தச் சதவிகிதம்தான், மூவாயிரம் மூவாயிரத்து எண்ணூறு ஆனாலும் அதேதான். அந்த ஒரு தலைப்பில் உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள், டாக்டர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு படித்து வந்த ஒரு தலைமுறை மருத்துவர்களுக்கு இதை எப்படி எழுதுவது என்றே சரியாகச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. இதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அதே ஆய்வின் இன்னொரு பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் கூடியதால் அதையும் 2004இல் நிறுத்தினார்கள். ஆனால் அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இருபதாண்டு தொடர்ந்து கவனித்ததில் குறைவாகவே இருந்தது. இரண்டு பாதியையும் சேர்த்து 18 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, ஹார்மோன் எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் இரு தரப்பிலும் மொத்த இறப்பில் வேறுபாடு இல்லை.

அதற்காக ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2019இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. 50 வயதில் தொடங்கி ஐந்து வருடம் ஈஸ்ட்ரோஜனும் தினசரி புரோஜெஸ்டோஜனும் (புரோஜெஸ்டிரோன் வகை மருந்து) எடுத்தால், 50க்கும் 69க்கும் இடையில் மார்பகப் புற்றுநோய் வருபவர்கள் ஆயிரத்துக்கு 63 என்பது 83 ஆகும் என்று அது சொல்கிறது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 68. இது மேலைநாட்டுக் கணக்கு, நம் ஊரில் அடிப்படை எண்ணிக்கையே அதைவிடக் குறைவு. ஆனாலும் கூடுதல் கூடுதல்தான். அதை உங்களிடம் மறைக்கிற டாக்டர் நல்ல டாக்டர் இல்லை. அந்த எண்ணை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு உங்கள் தூக்கத்தைப் பற்றிக் கேட்காத டாக்டரும் அப்படித்தான்.

இனி உங்கள் சீட்டு. தோல் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் நேராக ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போய், அங்கே ரத்தம் உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது. அதனால் ரத்தக்கட்டி ஆபத்து மாத்திரையில்தான் ஏறுகிறது. வழக்கமான அளவு ஜெல்லிலோ தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையிலோ ஏறியதாக இதுவரையான ஆய்வுகள் காட்டவில்லை. உங்கள் காப்ஸ்யூலில் இருக்கும் இயற்கைப் புரோஜெஸ்டிரோன் மார்பகத்துக்குச் செயற்கையைவிடச் சாதுவானது என்று பிரான்சில் நடந்த பெரிய கண்காணிப்பு ஆய்வு சொல்கிறது. உங்களுக்கு வயது 48, மாதவிடாய் நின்று ஓராண்டுதான். அறுபதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குகிறவர்களுக்குப் பலன் அதிகம், தீங்கு குறைவு. உங்கள் மருத்துவர் பரிசோதனைகளைச் செய்து, பாதுகாப்பான வழியைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

யார் தொடக்கூடாது என்பதும் முக்கியம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ரத்தக்கட்டி வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் கண்டுபிடிக்காத ரத்தப்போக்கு உள்ளவர்கள்.

கொங்குப்பொண்ணு:
டாக்டரம்மா, இவ்வளவு பொறுமையா எழுதினதுக்கு நன்றிங்க. ஆனா மனசுல பட்டதைக் கேட்டுடறேன். முன்னாடி நல்லதுன்னாங்க, அப்புறம் கெட்டதுன்னாங்க, இப்ப மறுபடி நல்லதுங்கறாங்க. இது மருந்துக் கம்பெனி விக்கறதுக்குச் சொல்றதில்லைன்னு எப்படிங்க நம்பறது?

நெல்லை மகப்பேறு மருத்துவர்:
நியாயமான சந்தேகம்தான் அம்மா. கம்பெனிகள் அளவுக்கு மீறி விற்றது உண்மை. அமெரிக்காவில் 1942லேயே அந்தக் குதிரை ஈஸ்ட்ரோஜன் விற்பனைக்கு வந்துவிட்டது. என்றைக்கும் இளமை என்ற ஆசையைக் காட்டி, கர்ப்பப்பை உள்ளவர்களுக்கும் ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தார்கள். 1975இல்தான் அது கர்ப்பப்பை உள்வரியில் புற்றுநோயைக் கூட்டுகிறது என்று தெரிந்தது. அதன் பிறகுதான் கூடவே புரோஜெஸ்டிரோன் சேர்க்கும் வழக்கம் வந்தது. அதனால்தான் வைகைக்கரைக்கு ஜெல்லோடு காப்ஸ்யூலும். காப்ஸ்யூலை விட்டுவிட்டு ஜெல்லை மட்டும் தடவவே கூடாது. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த மருந்துகளின் அட்டையில் இருந்த பெரிய எச்சரிக்கைகளை நீக்குவதாக அறிவித்தபோதுகூட, இந்த ஒரு எச்சரிக்கையைத் தக்கவைத்துக்கொண்டது.

இளமைக்காக, தோலுக்காக, மாரடைப்பு வராமல் இருக்க, ஞாபகசக்திக்காக என்று யாராவது எழுதினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 65க்கு மேல் புதிதாகத் தொடங்கியவர்களில் மறதிநோய் கூடியதுதான் மிச்சம். தவிப்புக்கு மருந்து, எலும்புக்குக் காப்பு. இவ்வளவுதான் இதன் வேலை.

நீங்கள் மருந்தில்லாமல் கடந்தது நல்ல விஷயம். நடையும் உளுந்தும் நல்லவைதான், எல்லாரும் செய்யலாம். ஆனால் ரெண்டு வருடத்தில் அடங்கும் என்பது எல்லாருக்கும் பொருந்தாது. அமெரிக்காவில் பல இனப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இந்த உடம்புக் கொதிப்பு பாதிப் பேருக்கு ஏழு வருடத்துக்கும் மேல் நீடித்தது. ஏழு வருடம் தூங்காமல் வேலைக்குப் போகும் பெண்ணிடம் பொறுத்துக்கொள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

யாழ் லண்டன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், இஞ்ச லண்டனில நேர்ஸா வேலை செய்யிறன். எனக்கு இப்ப 52. ரெண்டு வருசத்துக்கு மேலா பட்டை ஒட்டுறன், கிழமைக்கு ரெண்டு தரம் மாத்த வேணும். இடுப்புக்குக் கீழ ஒட்டினா உடுப்புக்குள்ள தெரியாது. நித்திரை திரும்பி வந்தது, அதுவே எனக்குப் பெரிய காரியம்.

எங்கட ஆக்கள் டொக்டரிட்டப் போனா "வேர்க்குது" எண்டு சொல்லமாட்டினம். "உடம்பெல்லாம் உளையுது, மூட்டு நோகுது, தலை சுத்துது" எண்டுதான் சொல்லுவினம். டொக்டர் பனடோல் (பரசிற்றமோல்) எழுதி அனுப்பிப்போடுவார். பீரியட்ஸ் எப்ப நிண்டது எண்டு அவையளும் சொல்லுறேல்ல, இவையும் கேக்கிறேல்ல. நான் மொழிபெயர்க்கப் போன இடங்களில எத்தினையோ தரம் பாத்திருக்கிறன். அதால, போகேக்க பீரியட்ஸ் கடைசியா வந்த மாதத்தை முதல்ல சொல்லுங்கோ.

இஞ்ச இங்கிலாந்தில 2023 ஏப்ரலில இருந்து வருசத்துக்கு ஒருக்கா ஒரு சின்னக் காசு கட்டினா ஹோமோன் மருந்து முழுக்க அதுக்குள்ள எடுக்கலாம். அதுக்கு முதல் வருசம் ஜெல் தட்டுப்பாடு வந்து பொம்பிளையள் கடை கடையா அலைஞ்சவை. மருந்தில நல்லது இல்லாட்டி அப்பிடி அலைஞ்சிருக்கமாட்டினம்.

இன்னொண்டு, ஒருத்தரும் வாய் திறக்காத விசயம். கீழ வறட்சி, எரிவு, அடிக்கடி மூத்திரக்கடுப்பு, கணவனோட சேரேக்க நோவு. இதுக்கு உள்ளுக்குப் பூசுற ஈஸ்ட்ரோஜன் கிரீம், சின்ன வில்லை இருக்கு. ரத்தத்தில சேருறது மிகவும் குறைவு. 2022இல இருந்து இஞ்ச அந்த வில்லையில ஒரு வகையை டொக்டர் சீட்டு இல்லாமலே பாமசியில தருகினம். வயசு போன அம்மாமாருக்குத் திருப்பித் திருப்பி மூத்திரத் தொற்று வந்தால் இதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கோ.

தென்றல்52:
மார்பகப் புற்றுநோய் வந்து, ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிச்சு, இப்ப நோய் திரும்பாம இருக்க டமாக்ஸிஃபென்ங்கிற மாத்திரை போட்டுட்டிருக்கேன். அந்த மாத்திரையாலயே எனக்கு உடம்பு பத்தி எரியும். எனக்கு எச்.ஆர்.டி. கதவு மூடினதுதான், அதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. இந்த இழையைப் படிக்கிற என்னை மாதிரி ஆட்களுக்காக எழுதுறேன், நமக்கும் வழி இருக்கு.

என் ஆன்காலஜிஸ்ட் (புற்றுநோய் டாக்டர்) வென்லாஃபாக்ஸின்ங்கிற மாத்திரையைக் குறைஞ்ச டோஸ்ல கொடுத்தார். அது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைன்னு தெரிஞ்சதும் வீட்ல, "உனக்கென்ன பைத்தியமா"ன்னு கேட்டாங்க. கொதிப்பைக் குறைக்கவும் அது வேலை செய்யுதுன்னு புரிய வைக்க எனக்குக் கொஞ்ச நாளாச்சு. இதே வேலைக்கு பராக்ஸிட்டின்னு ஒண்ணும் கொடுப்பாங்க. டமாக்ஸிஃபென் போடுறவங்க அதை எடுக்கக்கூடாது, டமாக்ஸிஃபென்னை உடம்பு வேலை செய்யும் பொருளா மாத்துறதை அது தடுக்கும். பொது மருத்துவர் தெரியாம எழுதிட்டா நீங்க சொல்லுங்க. கேபபென்டின்னு இன்னொரு மாத்திரை ராத்திரி கொதிப்புக்கு ஆகும். படுக்கையில ஒரு மெல்லிய காட்டன் விரிப்பை மேல தனியா போட்டு வெச்சிருக்கேன், நனைஞ்சா உருவிட்டு மறுபடி படுத்துக்கலாம், எழுந்து மாத்த வேண்டியதில்லை.

தயவுசெஞ்சு ஒண்ணு. "இயற்கை மூலிகை"ன்னு நெட்டுல விக்கிற பொடியை ஆன்காலஜிஸ்ட்கிட்ட கேக்காம வாங்காதீங்க. உள்ள ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யுறது இருந்தா நமக்குத்தான் கேடு.

கரிசல்காட்டான்:
ஆம்பளை இங்க எழுதலாமான்னு தெரியல, தப்பா நினைக்காதீங்க. கோவில்பட்டிப் பக்கம். என் வீட்டுக்காரிக்கு 47. ஒரு வருஷமா பீரியட்ஸ் முன்னப் பின்ன வருது, சமயத்துல ரெண்டு மாசம் வராது, வந்தா கொட்டித் தீர்க்குது. சின்ன விஷயத்துக்கும் அழுறா, ராத்திரி எந்திரிச்சு முற்றத்துல போய் உக்காந்துக்கிறா. "என்னமோ எம்மேல எனக்கே பிடிக்கல"ன்னு சொன்னா. எங்கம்மா பேய்க்கோளாறுன்னு கோயிலுக்குக் கூப்பிடுறாங்க. இதுவும் இதே கணக்குதானா? என்ன டெஸ்ட் எடுக்கணும்?

நெல்லை மகப்பேறு மருத்துவர்:
கட்டாயம் எழுதலாம் தம்பி, உங்களைப் போல நாலு பேர் கேட்டால் எவ்வளவோ வீடு நிம்மதியாகும். மாதவிடாய் முழுசாக நிற்பதற்கு முன் வருகிற சில வருடங்கள்தான் பலருக்கு மிக மோசம். ஹார்மோன் சீராக இறங்காமல் ஏறி ஏறி இறங்கும், மனசும் அதோடு சேர்ந்து ஆடும். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. மேலைநாட்டில் அது 51. அதனால் 47இல் இது வழக்கமானதுதான்.

எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் அளவைப் பார்க்கும் ரத்த டெஸ்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். 45 தாண்டியவர்களுக்கு அறிகுறியை வைத்தே சொல்லிவிடலாம். இந்தக் கட்டத்தில் அந்த எண் இன்று ஒன்று காட்டும், அடுத்த மாதம் வேறு காட்டும். ஆனால் தைராய்டு பாருங்கள், தைராய்டு கூடினாலும் இதே வியர்வை, படபடப்பு வரும். ஹீமோகுளோபின் பாருங்கள். கொட்டித் தீர்க்கிறது என்கிறீர்களே, அதற்குக் கட்டாயம் ஸ்கேன் எடுத்து கர்ப்பப்பை உள்வரியைப் பார்க்க வேண்டும். அதை வயசுக்கோளாறு என்று விடாதீர்கள். இன்னொன்று, இந்த வயதிலும் கரு தங்கும். எச்.ஆர்.டி. கருத்தடை ஆகாது.

"எம்மேல எனக்கே பிடிக்கல" என்று அவர் சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி பேசினால் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அம்மாவோடு கோயிலுக்கும் போய் வாருங்கள், டாக்டரிடமும் போங்கள். ராத்திரி அவர் முற்றத்தில் உட்கார்ந்தால் பேசாமல் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

கரிசல்காட்டான்:
சரிங்கம்மா. இந்த வாரமே கூட்டிட்டுப் போறேன். ரொம்ப நன்றி.

செங்காந்தள்:
ராத்திரி இந்த இழை முழுக்கப் படிச்சேன். நான் இங்க எல்லாரையும் விடச் சின்னவ. 38தான். 36ல கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. ரத்தம் அதிகமா பட்டுச்சு, கட்டி இருக்குன்னாங்க. நான் போன ஆஸ்பத்திரியில, "ரெண்டு பிள்ளை ஆயிருச்சுல்ல, இனி எதுக்கு, விட்டா கேன்சராகும்"னு சொன்னாங்க. காப்பீட்டு அட்டையில முடிச்சுக்கொடுத்தாங்க. அனுப்பும்போது தையல் பிரிக்க வரச் சொன்னதோட சரி, வேற ஒண்ணும் சொல்லல.

ஆபரேஷன் முடிஞ்ச அந்த வாரமே உடம்பு எரிய ஆரம்பிச்சது. நான் காய்ச்சல்னு நினைச்சேன். இப்ப இடுப்பு வலி, குனிஞ்சு குடத்தைத் தூக்க முடியல. வீட்ல எல்லாரும் "சின்ன வயசுலயே கிழவியாயிட்ட"ங்கிறாங்க. இங்க 48, 50ன்னு பேசுறீங்க. என் வயசுக்கும் இந்த மருந்து உண்டா? எனக்கும் கேன்சர் ஆபத்து அதேதானா?

நெல்லை மகப்பேறு மருத்துவர்:
இந்த இழையில் அவசரமாகப் பதில் வேண்டியவள் நீதான் கண்ணு.

முதலில் தெரிய வேண்டியது, உனக்குக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்களா, சினைப்பை இரண்டையும் சேர்த்து எடுத்தார்களா என்பது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும், ஹார்மோன் பெரும்பாலும் சுரந்துகொண்டிருக்கும். அந்த வாரமே எரிய ஆரம்பித்தது என்கிறாய். சினைப்பையும் போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இயற்கையாக நிற்பவர்களுக்குச் சில வருடங்களில் மெல்ல இறங்குவது உனக்கு ஒரே நாளில் இறங்கியிருக்கிறது.

அப்படி இருந்தால், மேலே நான் எழுதிய அமெரிக்க ஆய்வின் எண்கள் எதுவும் உனக்குப் பொருந்தாது. அவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள், உடம்பு நிறுத்திவிட்டதற்குப் பிறகு வெளியிலிருந்து கொடுத்தார்கள். உன் உடம்பில் இன்னும் எட்டு, பத்து வருடம் இருந்திருக்க வேண்டியது இல்லாமல் போயிருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் உனக்கான சிகிச்சை. கொடுக்காமல் விட்டால்தான் ஆபத்து: எலும்பு வேகமாகத் தேயும், இளவயதிலேயே இதய நோய் வரும் வாய்ப்பு கூடும். அதனால் தடை ஏதும் இல்லையென்றால் இயற்கையாக நிற்கும் வயது வரை, ஐம்பது ஒட்டி, கொடுக்க வேண்டும் என்பதில் உலகம் முழுக்க மருத்துவர்களிடம் ஒரே கருத்துதான். நாற்பது வயதுக்குள் தானாகவே மாதவிடாய் நின்றுவிடும் பெண்களுக்கும் இதே விதி.

கர்ப்பப்பை இல்லாததால் வழக்கமாக உனக்குப் புரோஜெஸ்டிரோன் தேவைப்படாது, ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். கர்ப்பப்பை உள்வரி போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் இருந்தது என்றால் மட்டும் அதைப் பற்றி மருத்துவர் வேறு மாதிரி யோசிப்பார். இடுப்பு வலிக்கு டெக்ஸா ஸ்கேன் கேள், எலும்பு அடர்த்தி தெரியும். அதில் வரும் டி ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புத் தேய்வு. வைட்டமின் டி, கால்சியமும் பார்க்கச் சொல்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களிடம் இது எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று தெரிந்து, 2019இல் அந்த அரசே விசாரணைக் குழு அமைத்தது. கட்டி என்றால் எல்லாக் கட்டியும் கேன்சராகாது. நார்க்கட்டி பெரும்பாலும் ஆகாது. அதிக ரத்தப்போக்குக்கு மாத்திரை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் இருக்கிறது. எடுத்தே ஆகவேண்டும் என்றாலும், நாற்பதுக்குள் இருக்கும் பெண்ணின் நல்ல சினைப்பையைக் காரணமில்லாமல் எடுக்கக்கூடாது. கையெழுத்துப் போடும் முன், "ஓவரியை விட்டுவைப்பீர்களா?" என்று கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

கொங்குப்பொண்ணு:
செங்காந்தள் சாமி, உன்னைப் படிச்சுட்டு மனசு கேக்கலீங்க. இயற்கையா நிக்கறதுக்கு மருந்து எதுக்குன்னு நான் கேட்டது என் மாதிரி ஆளுகளுக்கு. உனக்கு நடந்தது இயற்கை இல்லையே. டாக்டரம்மா சொல்றதைக் கேளு.

வைகைக்கரை:
டாக்டரம்மாவுக்கும் எல்லாருக்கும் நன்றி. எண்ணாச் சொன்னதுதான் எனக்குப் புரிஞ்சது. நேத்து நாத்தனாரையும் கூட உக்கார வெச்சு இதையெல்லாம் படிச்சுக் காட்டினேன். வருஷா வருஷம் மார்பகப் பரிசோதனை பண்ணிக்கிறதா இருந்தா போட்டுக்கங்கன்னு சொன்னாங்க. நானும் ஆரம்பிக்கப் போறேன். எத்தனை நாளைக்குப் போடணும்? நடுவுல ரத்தம் பட்டா?

திருச்சி மருந்தாளுநர்:
ஆரம்பிச்ச முதல் சில மாசம் லேசா படலாம், டாக்டர்கிட்ட சொல்லிட்டுத் தொடரலாம். ஆறு மாசம் தாண்டியும் பட்டாலோ, நின்னு போய் மறுபடி பட்டாலோ, ஸ்கேன் எடுக்காம விடக்கூடாது. ஒரே நாள்ல கொதிப்பு அடங்காது, சில வாரம் ஆகும், பத்து நாள்ல பலன் இல்லைன்னு நிறுத்திடாதீங்க. எத்தனை வருஷம்னு முன்கூட்டியே கணக்கு கிடையாது. மூணு மாசத்துல ஒரு தடவை, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரைப் பார்த்து, இன்னும் தேவையான்னு முடிவு பண்ணுவாங்க. பழைய சீட்டை வெச்சு நீங்களா கடையில வாங்கிக்கிட்டே போகாதீங்க. காசு வருதேன்னு அப்படிக் கொடுக்கிற கடைக்காரங்க எங்கள்லயும் இருக்காங்க, நான் கொடுக்க மாட்டேன்.

செங்காந்தள்:
அம்மா, பீரோவுல தேடி டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துட்டேன். இங்கிலீஷ்ல இருக்கு. "டி.ஏ.எச். வித் பி.எஸ்.ஓ."ன்னு ஒரு வரி இருக்கு. கூட ஒரு பயாப்ஸி ரிப்போர்ட்டும் பின் பண்ணிருக்கு.

நெல்லை மகப்பேறு மருத்துவர்:
டி.ஏ.எச். என்றால் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தது. பி.எஸ்.ஓ. என்றால் இரண்டு பக்கச் சினைப்பையும் கருக்குழாயும் சேர்த்து எடுத்தது. நான் நினைத்தது சரிதான்.

பயாப்ஸி ரிப்போர்ட்டின் கடைசியில் முடிவு என்று இரண்டு வரி இருக்கும், அதில் புற்றுநோய் இல்லை என்று உறுதியாகிறதா, எண்டோமெட்ரியோசிஸ் என்ற பேர் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டு சீட்டையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள், அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதே. பக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு வெளிநோயாளர் பிரிவுக்குக் காலையிலேயே போ. "36 வயசுல ரெண்டு ஓவரியும் எடுத்துட்டாங்க, ஹார்மோன் ஆரம்பிக்கணும், எலும்பு ஸ்கேன் பார்க்கணும்" என்று இதே வார்த்தையில் சொல். "சின்ன வயசு, பொறுத்துக்கோ" என்று யாராவது அனுப்பினால், யூனிட் தலைமை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேள். உன் அம்மாவுக்கோ சித்திக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்ததா, உனக்குக் கால் வீங்கி ரத்தக்கட்டி வந்ததுண்டா, இதையும் அவர்கள் கேட்பார்கள், யோசித்து வைத்துக்கொள்.

செங்காந்தள்:
வியாழக்கிழமை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டுப் போறேன்மா. பெரியக்கா கூட வர்றாங்க. என்ன எழுதிக் கொடுத்தாங்கன்னு வந்து இங்க போடுறேன்.